உடைந்து வந்த கிட்டப்பா தட்டு: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: 82 வயதாகும் என் அப்பாவுக்காக ஓர் ஏல இணையதளத்தில் மூன்று பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகளை எடுத்தேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் கிராமபோன் இருந்ததாம், தாத்தா எஸ்.ஜி.கிட்டப்பாவின் (அந்தக் கால நாடகப் பாடகர்) தட்டு ஒன்றைத் தினமும் போடுவாராம். அதே தட்டு ஏலத்துக்கு வந்ததால் விலை ஏறியும் நான் விடவில்லை. கிட்டப்பா தட்டு 3,800, மற்ற இரண்டும் 1,200, 900, தபால் செலவு 500, ஆக மொத்தம் 6,400 ரூபாய். பெங்களூரிலிருந்து நான்கு நாட்களுக்கு முன் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் கிட்டப்பா மூன்று துண்டு. 1,200 ரூபாய்த் தட்டில் மயிரிழை விரிசல். 900 ரூபாய்த் தட்டு மட்டும் நன்றாக இருக்கிறது. விற்றவர், "நன்றாகத்தான் கட்டினேன், உடையும் பொருள் என்று எழுதியும் இருந்தேன், தபாலில் கேளுங்கள்" என்கிறார். தபால் நிலையத்தில் "இன்சூர் செய்யாத பார்சல்" என்கிறார்கள். இணையதளம் "இது உங்களுக்கும் விற்பவருக்கும் உள்ள விஷயம்" என்கிறது. விளம்பரத்திலும் "உள்ளது உள்ளபடி, திருப்பி எடுப்பதில்லை" என்று போட்டிருந்தார். படங்கள் இணைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிடலாமா? பணம் திரும்ப வருமா?
திருநெல்வேலி வாசகி

பதில்:

சகோதரிக்கு,

முதலில் அந்த ஃபெவிக்விக்கை எடுத்து அலமாரியில் வையுங்கள். துண்டுகளை எதனாலும் ஒட்ட வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். பெட்டி, உள்ளே இருந்த நியூஸ்பேப்பர், டேப், மேலே ஒட்டியிருந்த முகவரிச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். துண்டுகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிப் பேப்பரில் சுற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள். உடைந்த விளிம்பில் பொடி உதிர்ந்தால் பாட்டும் அதோடு போகிறது என்று அர்த்தம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பழைய தட்டுகளை வாங்குவது, விற்பது, கிராமபோன் பழுது பார்ப்பது, தட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது என்று இதே வேலையாக இருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் வடக்கேயிருந்து ஒரு பார்சல் இதேபோல வந்தது. ஆறு தட்டில் நான்கு உடைசல். மனசு விட்டுப்போய் அன்று சாயங்காலமே பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். மறுவாரம் விற்றவர் "எப்படிக் கட்டியிருந்தேன் என்று காட்டுங்கள்" என்று கேட்டபோது காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பணம் போனது அதனால்தான். தட்டு உடைந்தது பார்த்தாலே தெரியும், எதனால் உடைந்தது என்பதைப் பெட்டிதான் காட்டும்.

உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தட்டும் வெறும் காகித உறையில், ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் ஓர் அட்டைகூட இல்லாமல் கிடந்திருக்கின்றன. தட்டு 10 அங்குலம், பெட்டி 11 அங்குலம். சுற்றிலும் அரை அங்குலம் இடம், அதில் கசக்கிய நியூஸ்பேப்பர். பேப்பர் முதல் நாள் புடைப்பாக நிற்கும், வண்டியில் இரண்டு நாள் ஆடினால் சப்பையாகிவிடும், அதன்பிறகு தட்டின் ஓரம் நேராகப் பெட்டிச் சுவரில் இடிக்கும். உங்கள் பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் உள்வாங்கிய குழி தெரிகிறது பாருங்கள். கிட்டப்பா தட்டின் உடைப்புக் கோடுகள் இரண்டும் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இன்னொரு தட்டின் விரிசலும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கிறது. மூன்று தட்டையும் வந்தபடியே அடுக்கிக் குழிக்கு நேராக வைத்துப் பாருங்கள், இரண்டு விரிசலும் ஒரே நேர்கோட்டில் வந்தால் (வரும் என்றே நினைக்கிறேன்) அதையும் ஒரு படம் எடுங்கள். பெட்டி ஒரு தடவை அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. எந்தப் பார்சலும் வழியில் ஒரு தடவையாவது விழும். அதைத் தாங்குகிற மாதிரி கட்டுவதற்குப் பேர்தான் பார்சல் கட்டுவது.

இந்தத் தட்டுகள் எதனால் ஆனவை என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். 78 தட்டு பிளாஸ்டிக் இல்லை, பெரும்பாலும் அரக்குதான். மரத்தில் அரக்குப்பூச்சி வைக்கிற பிசின், அதோடு கல்பொடி, கருப்பு நிறத்துக்குக் கரிப்பொடி, எல்லாம் சேர்த்துச் சூட்டில் அழுத்திய வில்லை. நம் ஊரில் விற்ற தட்டுகளில் பெரும்பங்கு கொல்கத்தா பக்கத்தில் டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. பின்னாளில் வந்த வினைல் எல்.பி. தட்டு வளைந்து கொடுக்கும். அரக்குத் தட்டு வளையாது, பீங்கான் தட்டு மாதிரி படாரென்று போய்விடும். இதை விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உடையும் பொருள் என்று மேலே எழுதியதாகச் சொல்கிறார், நல்லது, உடையும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே அவர் கைப்பட எழுதிய சாட்சி. தெரிந்தும் அரை அங்குலப் பேப்பரை நம்பி அனுப்பியிருக்கிறார்.

ஆகவே என் கருத்து நேரானது. உங்கள் தட்டை உடைத்தது தபால் இல்லை, கட்டு. நீங்கள் கேட்க வேண்டியது விற்றவரிடம். தபால் நிலையத்துக்கு அலைந்து கோபத்தை அங்கே செலவழிக்காதீர்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் அடிக்கடி தேவைப்படுகிற அளவுக்குப் படித்து வைத்திருக்கிறேன். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 39. விற்றவர் சரக்கை வண்டிக்காரரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்த மாதிரி என்று முதலில் சொல்கிறது, விற்பவர்கள் இந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த உட்பிரிவு என்ன சொல்கிறது? சரக்கின் தன்மைக்கு ஏற்றபடி வண்டிக்காரரோடு நியாயமான ஏற்பாடு செய்து அனுப்புவது விற்பவரின் கடமை. அதைச் செய்யாமல் விட்டு வழியில் சரக்கு சேதமானால், வண்டியில் ஏற்றியதைத் தன்னிடம் ஒப்படைத்ததாக வாங்கியவர் ஏற்க வேண்டியதில்லை, அல்லது நஷ்டத்தைக் கேட்கலாம். 3,800 ரூபாய் அரக்குத் தட்டை இன்சூரும் இல்லாமல், அட்டையும் வைக்காமல் அனுப்பியது சரக்கின் தன்மைக்கு ஏற்ற ஏற்பாடா என்பதுதான் கேள்வி. பதில் உங்கள் படங்களிலேயே இருக்கிறது.

"ஏலத்தில் போனது, உள்ளது உள்ளபடி, திருப்பி எடுப்பதில்லை" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளது உள்ளபடி என்றால் ஏலம் விட்ட அன்று அவர் காட்டிய நிலை. அன்று படத்தில் முழுத் தட்டு. வந்தது மூன்று துண்டு. அந்த வாசகம் கீறலுக்கும் தேய்மானத்துக்கும் பொருந்தும், வழியில் உடைந்ததற்குப் பொருந்தாது. அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏலம் முடிந்த பக்கம் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனி படம் எடுக்கிற வேலை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம். பெட்டியின் ஆறு பக்கமும். குழிக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒன்று. முகவரிச் சீட்டும் அதிலுள்ள எடை, தேதி, எண்ணும் படிக்கிற மாதிரி ஒன்று. பிறகு தட்டுகளைப் பெட்டிக்குள் எப்படி வந்தனவோ அப்படியே வைத்து மேலேயிருந்து ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டிருந்தார் என்று இதில்தான் தெரியும். அப்புறம் உடைந்த விளிம்பைக் கிட்டத்தில். புது உடைப்பு என்றால் உள்ளே சுத்தமான கறுப்பாக, கூராக இருக்கும். பழைய விரிசல் என்றால் இடுக்கில் தூசி ஏறிச் சாம்பல் நிறமாகத் தெரியும். "முன்னாலேயே விரிசல் இருந்திருக்கும், உங்கள் கையில் விட்டுப்போயிருக்கும்" என்று அவர் சொல்ல வாய்ப்பிருக்கிறது, அப்போது இந்தப் படம் பேசும்.

நன்றாக இருக்கிறது என்று நினைக்கிற மூன்றாவது தட்டையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தட்டைத் தொங்கவிட்டு, மற்றக் கையின் விரல் முட்டியால் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே மெதுவாகத் தட்டுங்கள். முழுத் தட்டு கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக, உடைந்த சட்டியைத் தட்டிய மாதிரி வரும். கீழே மெத்தையை விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்தது விற்றவருக்கு எழுதுவது. போனில் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பும் வேண்டாம், அந்த இணையதளத்தின் உள்ளேயே இருக்கிற செய்திப் பெட்டியில் எழுதுங்கள். பிறகு இணையதளம் தலையிட வேண்டி வந்தால் தன் பக்கத்தில் பதிவானதைத்தான் முதலில் பார்க்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இப்படி இருக்கட்டும்:

"ஐயா, இன்ன எண் ஏலத்தில் நான் எடுத்த மூன்று தட்டுகள் இன்ன தேதியில் வந்தன. ஒன்று மூன்று துண்டாகவும் இன்னொன்று விரிசலோடும் வந்துள்ளன. படங்கள் இணைத்துள்ளேன். பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவில் அரை அங்குலமே இடம் இருந்தது, தட்டுகளுக்கு நடுவில் அட்டை இல்லை. சேதமான இரண்டு தட்டின் விலை 5,000, தபால் செலவு 500, ஆக 5,500 ரூபாயைத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது தட்டை வைத்துக்கொள்கிறேன். சேதமானவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அந்தச் செலவு உங்களுடையது. ஏழு நாளில் பதில் வேண்டும்."

இவ்வளவுதான். மோசடிக்காரர் என்ற வார்த்தை வேண்டாம், அவர் ஏமாற்றவில்லை, கவனமில்லாமல் கட்டியிருக்கிறார், இரண்டும் வேறு. அப்பாவின் வயதையும் உங்கள் வருத்தத்தையும் அதில் எழுத வேண்டாம் என்பேன். எழுதினால் அவர் அனுதாபம் சொல்லிவிட்டுப் போய்விடுவார், கணக்கு எழுதினால் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 6,400-ஐயும் கேட்காமல் 5,500 கேட்கச் சொன்னதும் யோசித்துத்தான். நல்ல தட்டை வைத்துக்கொண்டு அதற்கும் பணம் கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகும். அவர் பாதி தருகிறேன் என்று பேச்சை ஆரம்பிக்கலாம். என்னைக் கேட்டால், இரண்டு தட்டின் விலைக்குக் கீழே இறங்க வேண்டாம், தபால் செலவை வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். எந்த முடிவானாலும் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் "பிரச்சினை தீர்ந்தது" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். முன்னாலேயே அழுத்திவிட்டுத் தவிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏழு நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் அந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களுக்குப் பதில் சொன்னது வாடிக்கையாளர் சேவை, அது வேறு, இது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஏல இணையதளங்களை இடைநிலையாளர் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், அதனால் விற்றவர் செய்த எல்லாவற்றுக்கும் தளத்தைப் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் புகாரை வாங்கி நடவடிக்கை எடுக்கிற கடமையிலிருந்து அது நழுவ முடியாது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் தொழிலாகவே விற்கிறவரா, வீட்டில் கிடந்த தட்டை ஒரே ஒரு தடவை விற்றவரா? அந்த மின்வணிக விதிகள் தனி மனிதர் தன் சொந்த முறையில் எப்போதோ செய்கிற விற்பனைக்குப் பொருந்தாது. அவருடைய பக்கத்தில் இதுவரை எத்தனை விற்றிருக்கிறார் என்று எண்ணிக்கை இருக்கும், அதையும் ஒரு படம் எடுங்கள். நூற்றுக்கணக்கில் விற்றவர் என்றால் "எனக்குக் கட்டத் தெரியாது" என்று அவர் சொல்லவும் முடியாது.

அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அநேகப் பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற திருநெல்வேலியிலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. 5,500 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் போகச் சொல்வேன், ஏனென்றால் இப்படி அனுப்புகிறவர் அடுத்தவருக்கும் இப்படித்தான் அனுப்பப்போகிறார், மிஞ்சியிருக்கிற தட்டுகளோ புதிதாக முளைக்கப்போவதில்லை.

தபாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம், முந்தைய 1898 சட்டம் போலவே, விதிகளில் சொல்லியிருக்கிற பொறுப்பைத் தவிர வேறெந்தப் பொறுப்பும் அஞ்சலகத்துக்கு இல்லை என்கிறது. அதனால் இன்சூர் செய்யாத பார்சலுக்கு அங்கே பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் அடுத்த தடவை பெட்டி நசுங்கி வந்தால் வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள். "தபால் நிலையத்தில் வந்து திறந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஓபன் டெலிவரி என்பார்கள். அதிகாரி முன்னால் பிரித்து, என்ன நிலையில் இருந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம் பாட்டுத் தட்டுகள் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இங்கிலாந்திலிருந்தெல்லாம் ஏலத்துக்கு வருவதால் வெளிநாட்டில் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈபே போன்ற தளத்தில் பணம் திருப்பித் தரும் உத்தரவாதம் இருக்கிறது, சேதமாக வந்ததும் அதில் அடங்கும், ஆனால் வழக்கமாக 30 நாள்தான். விற்றவர் இனிமையாகப் பேசியே அந்த 30 நாளைக் கடத்திவிடக்கூடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், வந்த மறுநாளே அதிகாரபூர்வப் புகாரைத் திறந்துவிட வேண்டும். சுங்கத்தில் திறந்து மூடிய பெட்டி என்றால் டேப் இரண்டு விதமாக இருக்கும், அதையும் படம் எடுக்க வேண்டும்.

சரி, பணம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்டது பாட்டைப் பற்றி.

மூன்று துண்டானாலும் துண்டு எதுவும் தொலையவில்லை என்றால் அந்தப் பாட்டு இன்னும் அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட தட்டுகளிலிருந்து நான் பாட்டை எடுத்திருக்கிறேன். சமமான ஒரு கண்ணாடி வட்டத்தின்மேல் துண்டுகளை நெருக்கிச் சேர்த்து, வரிகள் (பாட்டு பதிந்திருக்கிற சுழல் கோடுகள்) இல்லாத இடங்களில், அதாவது லேபிள் பக்கத்திலும் வெளி ஓரத்திலும் மட்டும் பிடிமானம் கொடுத்து, ஒரு வரி இன்னொரு துண்டின் அதே வரியோடு சேருகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். ஒரு முடி அளவு தள்ளிப்போனாலும் முள் பக்கத்து வரிக்குத் தாவிவிடும். இதனால்தான் ஃபெவிக்விக் வேண்டாம் என்றேன். அது சில நொடியில் இறுகிவிடும், நகர்த்தி நேராக்க நேரம் தராது, வழிந்து வரிக்குள்ளும் இறங்கிவிடும். ஒட்டித் தள்ளிப்போன தட்டைப் பிறகு யாராலும் பிரித்துச் சேர்க்க முடியாது. அதேபோல ஸ்பிரிட், சானிடைசர் எதையும் வைத்துத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டே கரைந்த மாதிரி.

சேர்த்த தட்டை 78 வேகத்தில் ஓட்டாமல் மெதுவான வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டிக்கொள்வோம், முள் துள்ளாமல் இருக்க. மூன்று துண்டும் நடுத்துளையில் கூடுகிற மாதிரி உடைந்த தட்டு ஒரு சுற்றுக்கு மூன்று தடவை 'டக்' என்னும், நிமிஷத்துக்கு 234, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்றால் எழுநூறு 'டக்'. உங்களுடையது ஓரத்திலிருந்து இரண்டு கோடு போனது, கணக்கு கொஞ்சம் மாறும். ஒவ்வொன்றையும் தேடி எடுக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் குரல் வரும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான ஐரீன் என்ற முறையில் முள்ளே படாமல் வரிகளைப் படம் பிடித்து, அந்தப் படத்திலிருந்து ஒலியை எடுக்கிறார்கள். உடைந்த தட்டுக்கெல்லாம் அது பெரிய வரம். நம் கையில் இருப்பது முள்ளும் கம்ப்யூட்டரும்தான், ஆனாலும் உங்கள் தட்டுக்கு அது போதும்.

மயிரிழை விரிசல் விட்ட தட்டைக் கிராமபோனில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பழைய சவுண்ட் பாக்ஸ் (முள்ளைப் பிடித்திருக்கிற தலைப்பகுதி) நூறு கிராமுக்கு மேல் கனமாக எஃகு முள்ளை அழுத்தும், விரிசலில் ஒரு தடவை இடித்தாலே சில்லு தெறிக்கும். 78-க்கு என்று தனி முள் போட்ட இன்றைய டர்ன்டேபிளில் நான்கைந்து கிராம் பாரத்தில் ஓட்டினால் விரிசல் பாட்டுக்கு இருக்கும், பாட்டும் பாட்டுக்கு ஓடும். எல்.பி. முள் இதற்கு ஆகாது, 78-இன் வரி அகலம், மெல்லிய முள் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலை மட்டும் எடுக்கும். முதலில் ஒரு நல்ல பதிவு எடுத்துவிட்டு, பிறகு தட்டை அலமாரியில் நிற்கவைத்துவிடுங்கள்.

அடுத்த ஏலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விலை கேட்பதற்கு முன்பே விற்பவருக்கு எழுதுங்கள்: தட்டைத் தனி உறையில் போட்டு, தட்டைவிட ஓர் அங்குலமாவது பெரிய கெட்டியான அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, ஓர் அட்டையின் உள்ளே ஓடுகிற நெளிவு நீளவாட்டிலும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருக்கும்படி திருப்பி, நான்கு பக்கமும் டேப் போட்டு, அந்தக் கட்டைப் பெரிய பெட்டியின் நடுவில் ஆறு பக்கமும் இரண்டு அங்குலம் பபிள் ஷீட்டோ தெர்மாகோலோ வைத்து நிறுத்தி, மூடிய பின் குலுக்கிப் பார்த்து ஒன்றும் அசையவில்லை என்றால் அனுப்புங்கள், இன்சூர் செலவு என்னுடையது. இப்படி எழுதி அவர் "சரி" என்று பதில் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம் மாதிரி. பதில் போடாதவரிடம் எவ்வளவு அபூர்வமான தட்டு இருந்தாலும் நான் கை தூக்குவதில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் அங்கே தட்டு வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை, கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். இன்றைக்கு நமக்கும் தட்டுக்கும் நடுவில் ஐந்நூறு கிலோமீட்டரும் பத்துப் பேர் கையும் இருக்கின்றன, அதனால் அந்த மடிக்குப் பதிலாக ஒரு நல்ல பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் அவர் பார்சல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார், உங்களுக்கும் நிம்மதி இருக்காது. துண்டுகளை அவர் கையில் கொடுத்துக்கூடக் காட்டலாம், லேபிளைப் பார்த்ததும் அவருக்கு என்னென்ன ஞாபகம் வருமோ.

அந்த லேபிளில் கம்பெனிப் பெயருக்குக் கீழே எழுத்தும் எண்ணுமாக ஒரு தட்டு எண் இருக்கும், லேபிளுக்கு வெளியே வழுவழுப்பான இடத்தில் பொறித்த எண் இன்னொன்று இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இரண்டையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். கிட்டப்பா 1933-இல் காலமானார், அவர் பாடி அந்தக் காலத்தில் வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு நம் சட்டப்படியான 60 வருஷ உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பிரதி எடுத்துக் கொடுப்பதில் அந்த உரிமையால் தடை ஒன்றும் இல்லை. அதே எண் என் அலமாரியிலோ எனக்குத் தெரிந்தவர்களிடமோ முழுசாக இருந்தால் இந்த வாரமே பதிவு செய்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். இல்லையென்றால் விற்றவரோடு கணக்கு முடிந்த பிறகு உங்கள் மூன்று துண்டுகளையும் மேலே சொன்ன மாதிரி கட்டி எனக்கு அனுப்புங்கள்.